விவரம் மாறினாலும் கட்சி மாறாதது ஏன்?

அரசியலில் மக்கள் இரண்டு வகையில் முரண்படுகிறார்கள். பணக்காரர்களுக்கு வரியைக் கூட்ட வேண்டுமா, வெளிநாட்டவரில் எவ்வளவு பேரைக் குடியேற விடலாம் என்பவை முதல் வகை. அவை விருப்பத்தையும் விழுமியத்தையும் பொறுத்தவை. விடைத்தாள் வைத்துத் திருத்த முடியாதவை. கடந்த 8 ஆண்டுகளில் பணவீக்கம் கூடியதா குறைந்ததா, குற்றங்கள் பெருகினவா அருகினவா என்பவை இரண்டாம் வகை. இவற்றுக்கு அரசுப் பதிவேடுகளில் விடை உண்டு. விடை உள்ள கேள்விகளிலும் மக்கள் கட்சிவாரியாகப் பிரிந்து, ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த விடையை நம்புவதைத் துருவப்பட்ட தகவல் நம்பிக்கை என்று சொல்லலாம். அந்த நம்பிக்கைகள் ஒருவரின் அரசியல் மனப்பாங்கை உருவாக்குகின்றனவா, அல்லது மனப்பாங்குதான் நம்பிக்கையை உருவாக்குகிறதா? அரசியல் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை. இரண்டே பெரிய கட்சிகள், பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த கருத்துக்கணிப்புப் பதிவுகள் என இரண்டும் அங்கே வாய்த்திருக்கின்றன.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1988-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரொனால்ட் ரீகனின் 8 ஆண்டு ஆட்சி முடியும் தறுவாய் அது. 1980-இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1988-இல் 4.1 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வேலையின்மையும் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. ரீகனின் கொள்கைகளைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இந்த எண்களில் சர்ச்சை இல்லை. ஆனால் ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பணவீக்கம் மோசமாகிவிட்டது என்றார்கள். வெகுவாகச் சீரடைந்தது என்றவர்கள் 8 சதவீதம்தான். அரசியல் அறிஞர் லாரி பார்ட்டல்ஸ் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இந்த விடைகளைப் பேசுபொருளாக்கியது. பணவீக்கம் என்றதும் பலர் விலைவாசியை நினைத்திருக்கலாம், விலைகள் ஏறித்தானே இருந்தன என்று ஒரு சமாதானம் சொல்ல முடியும். அந்தக் குழப்பம் எல்லோருக்கும் பொது. கட்சிக்குக் கட்சி விடை மாறியதை அது விளக்காது.

ஜனநாயகத்தைப் பற்றிய பாடநூல் சித்திரத்தில் குடிமகன் முதலில் நடப்பைத் தெரிந்துகொள்கிறான், அதை வைத்து ஆட்சியை மதிப்பிடுகிறான், பிறகு வாக்களிக்கிறான். விவரத்திலிருந்து மனப்பாங்குக்கு, மனப்பாங்கிலிருந்து வாக்குக்கு. இந்த வரிசை தலைகீழாகவும் ஓடக்கூடும் என்ற ஐயம் பழையது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் 1960-இல் வெளியிட்ட ‘அமெரிக்க வாக்காளர்’ என்ற நூல், கட்சிப் பற்று ஒரு திரையாக நின்று தனக்குச் சாதகமானதை உள்ளே விடுகிறது என்றது. அதற்கும் முன்பே ஒரு சிறிய சான்று உண்டு. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முரட்டு ஆட்டமாக முடிந்தது. ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் உளவியலாளர்கள் ஹாஸ்டார்ஃபும் கேண்ட்ரிலும். டார்ட்மத் அணியின் விதிமீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 எண்ணினார்கள். டார்ட்மத் மாணவர்களின் கண்ணில் பட்டவை 4.3.

மனப்பாங்கே நம்பிக்கையை இழுத்துச் செல்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, ஆட்சி கைமாறும் வாரங்களில் கிடைக்கிறது. 2016 நவம்பர் அதிபர் தேர்தலுக்கு முந்தைய வாரத்தில், பொருளாதாரம் சீரடைந்து வருகிறது என்று கேலப் நிறுவனத்திடம் சொன்ன குடியரசுக் கட்சியினர் 16 சதவீதம். டொனால்ட் டிரம்ப் வென்றதும் அது 49 சதவீதமாயிற்று. ஜனநாயகக் கட்சியினரிடையே 61 சதவீதம் 46 ஆகச் சரிந்தது. டிரம்ப் பதவியேற்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் புதிதாகத் திறந்துவிடவில்லை, மூடிவிடவும் இல்லை.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. கருத்துக்கணிப்பில் சொல்வதை மக்கள் உண்மையாகவே நம்புகிறார்களா, அல்லது கேள்வி கேட்பவரிடம் தம் கட்சிக்குக் கோஷம் போடுகிறார்களா? 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றபோது கூடிய கூட்டத்தின் அளவு பெரிய வாக்குவாதமானது. அந்தச் சமயத்தில் பிரையன் ஷாஃப்னர், சமந்தா லக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1,388 பேருக்கு இரண்டு புகைப்படங்களைக் காட்டினார்கள். ஒன்று 2009-இல் ஒபாமா பதவியேற்றபோது எடுத்தது. வாஷிங்டனின் நீண்ட திடல் முழுக்கத் தலைகள். மற்றது டிரம்புடையது, பின்பகுதியில் வெள்ளைத் தரைவிரிப்பு பளிச்சென்று தெரியும் அளவுக்குக் காலி இடம். ஒரு பாதியினரிடம் எந்தப் படம் யாருடையது என்று கேட்டார்கள். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 10-க்கு 4 பேர் கூட்டம் நிறைந்த படத்தை அவருடையது என்றார்கள். அது அறியாமையாக இருக்கலாம். மறு பாதியினரிடம் கேட்டது அதைவிட எளிய கேள்வி: எந்தப் படத்தில் ஆட்கள் அதிகம்? இதற்கு அரசியல் அறிவு தேவையில்லை, கண் போதும். ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதமும் வாக்களிக்காதவர்களில் 3 சதவீதமும் தவறான விடை சொன்னார்கள். டிரம்ப் ஆதரவாளர்களில் 15 சதவீதம் பேர் காலித் திடலைக் காட்டி, இதில்தான் கூட்டம் அதிகம் என்றார்கள்.

அந்த 15 சதவீதத்தினர் பார்வை மங்கியவர்கள் அல்லர். படம் எதற்காகக் காட்டப்படுகிறது என்று புரிந்துகொண்டு, தம் பக்கத்துக்கு ஒரு வாக்குப் போட்டார்கள். இந்த வகைப் பதில்களைக் கழிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி பணம். ஜான் புல்லக்கும் கூட்டாளிகளும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விவரக் கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னால் சிறு தொகை தருவதாக ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். இரு கட்சியினரின் விடைகளுக்கிடையே இருந்த இடைவெளி பாதிக்கும் மேல் சுருங்கியது. தெரியாது என்று ஒப்புக்கொண்டாலும் ஓரளவு பணம் உண்டு என்றதும் ஏறத்தாழ 80 சதவீதம் மறைந்தது. மார்க்கஸ் பிரையர் குழுவினர் அதே ஆண்டில் தனியாகச் செய்த ஆய்வும் இதே திசையில்தான் போனது.

இந்த முடிவில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பணம் கொடுத்ததும் பலர் சரியான விடைக்கு மாறினார்கள் என்பதைக் காட்டிலும், பலர் ‘தெரியாது’ என்பதற்கு மாறினார்கள் என்பதே பெரிய செய்தி. உறுதியான எதிரெதிர் நம்பிக்கைகளாகத் தோன்றியவற்றில் ஒரு பங்கு வெறும் வெற்றிடம். விவரம் தெரியாத இடத்தைக் கட்சி நிரப்பிக்கொள்கிறது. வீட்டுச் செலவிலும் இதற்கு ஒரு சாயல் தெரிகிறது. அமெரிக்காவில் ஆட்சி மாறும்போது பொருளாதாரம் பற்றிய எதிர்பார்ப்பு கட்சிவாரியாகத் தலைகீழாகிறது. ஆனால் அதற்கு ஏற்றபடி குடும்பங்கள் கார் வாங்குவதையும் கடைக்குப் போவதையும் மாற்றிக்கொண்டதற்குப் பொருளியலாளர்கள் மியான், சூஃபி ஆகியோரின் ஆய்வில் உறுதியான தடயம் இல்லை. வாயால் சொன்னதற்கும் பர்ஸைத் திறப்பதற்கும் உள்ள தூரம் அது.

பரிணாமம் பற்றிய ஒரு வினாவும் இந்த வரிசையில் சேர்கிறது. மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து தோன்றியவர்கள் என்பது சரியா என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது 48 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே வாக்கியத்தின் முன்னால் ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்று சேர்த்துக் கேட்டதும் 72 சதவீதமாயிற்று. இடைப்பட்ட நான்கில் ஒரு பங்கினருக்கு அறிவியல் என்ன சொல்கிறது என்பது தெரியும். முதல் கேள்வியை அவர்கள் தாம் யார் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இத்துறையில் ஆய்வு தொடங்குபவர் முதலில் மூன்று பேரைப் பிரித்தறிய வேண்டும்: விவரம் தெரியாதவர், தெரிந்தும் கட்சிக்காக மாற்றிச் சொல்பவர், தவறான விவரத்தை உறுதியாக நம்புபவர். மூன்றாமவரைப் பற்றி ஜேம்ஸ் குக்லின்ஸ்கி குழுவினர் 2000-இல் எழுதியது இன்றும் வழிகாட்டி. அரசின் உதவித்தொகைத் திட்டங்களைப் பற்றி இல்லினாய் மாநிலத்தில் கேட்டுப் பார்த்ததில், விடையில் மிகவும் விலகி இருந்தவர்களே தம் விடையில் அதிக நம்பிக்கையோடும் இருந்தார்கள். தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரியும் என்று இருப்பவரிடம் அந்த வேலை முற்றிலும் வேறு.

படிப்பு இதைச் சரிசெய்யும் என்று நினைப்பது இயல்பு. டான் கஹன் குழுவினரின் சோதனை அந்த நினைப்பைத்தான் சோதித்தது. 1,111 பேருக்கு ஒரு சிறிய அட்டவணை தரப்பட்டது. தோல் தடிப்புக்கு ஒரு புதிய களிம்பைப் பூசிக்கொண்டவர்களில் 223 பேருக்குக் குணமாயிற்று, 75 பேருக்கு முற்றியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குணமாயிற்று, 21 பேருக்கு முற்றியது. களிம்பு பயன் தந்ததா? 223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் ஆமாம் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் பூசியவர்களில் குணமானது சுமார் 75 சதவீதம், பூசாதவர்களில் சுமார் 84 சதவீதம், களிம்பால் கேடுதான். பாதிக்கும் மேற்பட்டோர் தவறினார்கள். கணக்கில் தேர்ந்தவர்கள் எதிர்பார்த்தபடியே நன்றாகச் செய்தார்கள். அடுத்து அதே நான்கு எண்கள், வேறு தலைப்பில்: பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடைசெய்த நகரங்களில் குற்றம் கூடியதா, குறைந்ததா? இப்போது கணக்கில் தேர்ந்தவர்களும் தம் அரசியலுக்கு ஏற்ற விடை வரும்போது மட்டும் ஒழுங்காக வகுத்துப் பார்த்தார்கள். முதல் பார்வையிலேயே பிடித்த விடை கிடைத்துவிட்டால் கணக்கை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கணக்கறிவு கூடக்கூடச் சார்பும் கூடுகிறது என்று கஹன் சொன்ன பகுதி, பின்னால் வந்த மறுசோதனைகளில் உறுதியாகத் தேறவில்லை. கணக்கறிவு சார்பைப் போக்கும் மருந்து அல்ல என்ற அளவில் அந்தச் சோதனையை ஏற்றுக்கொள்ளலாம்.

தவறான நம்பிக்கையைத் திருத்தினால் என்ன ஆகும்? 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்களுக்கும் எதிர்த்த 24 மாணவர்களுக்கும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள் தரப்பட்டன. இரண்டும் சோதனைக்காக எழுதப்பட்டவை. தமக்குச் சாதகமான ஆய்வைச் சிறந்தது என்றும் பாதகமானதைக் குறையுள்ளது என்றும் இரு தரப்பும் சொன்னது. படித்த பிறகு முன்னிலும் உறுதியாகிவிட்டதாகவும் சொன்னார்கள். 2010-இல் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்ளர் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் இருக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பழைமைவாதிகள், படிக்காதவர்களைவிட அதிகமாக ஆயுதங்கள் இருந்தன என்று நம்பினார்கள். திருத்தம் எதிர்விளைவைத் தருகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு ஊர் முழுக்கப் பரவியது. உண்மையைச் சொல்வதில் பயனே இல்லை என்ற விரக்திக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் அது கலைந்தது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,100-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் திருத்தங்களைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்விளைவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இராக் கேள்வியில்கூட வாக்கியத்தை எளிமையாக்கியதும் அது காணாமல் போயிற்று. இடதுசாரி, வலதுசாரி என்ற வேறுபாடின்றிப் பெரும்பாலோர் திருத்தம் சொன்ன திசையில் கொஞ்சம் நகர்ந்தார்கள். நைஹனே 2021-இல், தவறான நம்பிக்கைகள் நீடிப்பதற்கு எதிர்விளைவு காரணம் அல்ல என்று எழுதினார். தம் பெயருக்குப் புகழ் தேடித் தந்த முடிவை இப்படித் திருத்திக்கொள்பவர்கள் எந்தத் துறையிலும் குறைவு.

மக்கள் விவரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், சிக்கல் தீர்ந்ததா? இல்லை. விவரம் மாறிய பிறகும் மனப்பாங்கு அசைவதில்லை என்பதுதான் அடுத்து வெளிவந்தது. மொத்த விஷயத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. 2016-இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசிய டிரம்ப், நாட்டில் வன்முறைக் குற்றம் பெருகிவிட்டதாகச் சித்திரித்தார். நீண்டகால அளவில் அது வெகுவாகக் குறைந்திருப்பதை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் எண்கள் காட்டின. நைஹன், போர்ட்டர், ரைஃப்ளர், வுட் நால்வரும் சேர்ந்து செய்த சோதனையில், இந்தத் திருத்தத்தைப் படித்த டிரம்ப் ஆதரவாளர்களும் குற்றம் பற்றிய தம் மதிப்பீட்டைச் சரிசெய்துகொண்டார்கள். டிரம்ப் மீதான அபிமானம் மட்டும் இம்மியும் குறையவில்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் விகிதத்தை அமெரிக்கர்கள் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. சரியான விகிதத்தைச் சொன்னால் குடியேற்றம் மீதான எதிர்ப்பு தணியுமா என்று டேனியல் ஹாப்கின்ஸ், ஜான் சைட்ஸ், ஜாக் சிட்ரின் மூவரும் 11 ஆண்டுகளில் 7 சோதனைகள் செய்து பார்த்தார்கள். எதிர்ப்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது.

நம்பிக்கைக்கும் மனப்பாங்குக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது: அந்த விவரத்துக்கு என்ன பொருள், அதற்கு யார் பொறுப்பு என்ற படி. இராக் போர்க்காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த பிரையன் கெயின்ஸ் குழுவினர் இதை நேரடியாகப் பார்த்தார்கள். போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை ஏற ஏற, இரு கட்சி மாணவர்களும் அதைத் தெரிந்துகொண்டே வந்தார்கள். அதே எண்ணைத் தீவிர ஜனநாயகக் கட்சியினர் பெரிய இழப்பு என்றார்கள், தீவிர குடியரசுக் கட்சியினர் பெரிதல்ல என்றார்கள். பேரழிவு ஆயுதங்கள் அகப்படவில்லை என்பதையும் இரு தரப்பும் ஏற்றது. ஒரு தரப்புக்கு அதன் பொருள், ஆயுதமே இருக்கவில்லை என்பது. மறு தரப்புக்கு, சதாம் ஹுசைன் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார், அல்லது அழித்துவிட்டார், அல்லது இன்னும் தேடிக் கிடைக்கவில்லை என்பது. போரை ஆதரிப்பதற்கு எந்த விவரத்தையும் மறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மார்ட்டின் பிஸ்கார்ட் இதே முடிச்சைப் பொருளாதாரத்தில் அவிழ்த்தார். அவருக்குக் கிடைத்த முதல் களம் பிரிட்டன். 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பேட்டி கண்ட தரவுகள் அங்கே இருந்தன. நல்ல காலத்தில் ஆளும் தொழிற்கட்சியின் ஆதரவாளர்கள் பொருளாதாரத்தை நன்றாக இருப்பதாகவும், எதிர்க்கட்சியினர் அவ்வளவு நன்றாக இல்லை என்றும் பார்த்தார்கள். நெருக்கடி வந்ததும் இரு தரப்பும் ஒன்றுபோலச் சரிவை ஒப்புக்கொண்டது. யதார்த்தம் அவ்வளவு பெரிதாக முகத்தில் அறைந்தது. விவரத்தில் இருந்த பிளவு மூடிய அதே நேரத்தில் பழியில் ஒரு பிளவு திறந்தது. சரிவுக்கு அரசே பொறுப்பு என்று எதிர்க்கட்சியினர் சொல்லச் சொல்ல, தொழிற்கட்சியினர் அரசுக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பைத் தளர்த்திக்கொண்டே போனார்கள்.

இது தற்செயலா என்று பார்க்க, பிஸ்கார்ட் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் சோதனை வடிவில் மறுபடி செய்து 2019-இல் வெளியிட்டார். குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களில் ஒன்றுக்குப் பொருளாதாரம் வளர்ந்ததாகவும் மற்றொன்றுக்குச் சுருங்கியதாகவும் செய்தி தரப்பட்டது. எல்லோரும் செய்தியை ஏற்றுப் பொருளாதாரம் பற்றிய தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். பிறகு, இதற்கு அரசு எவ்வளவு பொறுப்பு, ஏன் என்று சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னார். தம் கட்சி ஆட்சியில் இருக்கையில் வளர்ச்சி வந்தால், அரசின் பங்கு பெரிது. சரிவு வந்தால் உலகச் சந்தை, முந்தைய ஆட்சி, அரசு என்ன செய்ய முடியும் என்ற வாதங்கள் வரிசைகட்டின. விவரத்தை மறுக்க முடியாதபோது மூளை வேலைநிறுத்தம் செய்வதில்லை, வேலையை அடுத்த மேசைக்கு மாற்றுகிறது. விவரம் சரியாகத் தெரிந்ததே சாக்குத் தேடும் முயற்சியைத் தூண்டிவிட்டது என்பது அந்தக் கட்டுரையின் கசப்பான முடிவு. பங்கேற்றவர்களின் சொந்த வார்த்தைகளை எண்ணிப் பார்க்கும் இந்த உத்தி, பத்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் வழக்கமான வினாத்தாளைவிட மேலானது. ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது அவர் எழுதும் காரணத்தில்தான் தெரிகிறது.

அப்படியானால் விவரம் ஒருபோதும் மனப்பாங்கை மாற்றாதா? மாற்றிய இடங்கள் உண்டு. இலியானா குசியெம்கோ, மைக்கேல் நார்ட்டன், இம்மானுவேல் சாயெஸ், ஸ்டெஃபானி ஸ்டாஞ்சேவா ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வருமான ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரிது என்று விரிவாக விளக்கினார்கள். ஏற்றத்தாழ்வு பெரிய பிரச்சினைதான் என்று சொன்னவர்கள் கூடினார்கள்; அதைச் சரிசெய்யும் திட்டங்களுக்கான ஆதரவு அதிகம் கூடவில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பரம்பரைச் சொத்து வரி. இறப்பவர்களில் 1,000 பேருக்கு ஏறத்தாழ ஒருவரின் சொத்துக்கே அந்த வரி விழுகிறது என்று தெரிந்ததும், அதைக் கூட்டலாம் என்பவர்கள் இரட்டிப்புக்கும் மேல் ஆனார்கள். தம் வீட்டுக்கும் அது வரும் என்று அஞ்சியே பலர் அதுவரை எதிர்த்திருக்கலாம். இங்கே விவரத்துக்கும் முடிவுக்கும் நடுவே சாக்குச் சொல்ல இடம் இல்லை: வரி என்னைத் தொடுமா, தொடாதா என்பதோடு கேள்வி முடிகிறது.

இன்னொரு விதிவிலக்கு எதிர்க்கட்சியினரைப் பற்றிய கற்பனை. டக்ளஸ் ஆஹ்லர், கௌரவ் சூட் இருவரும் 2018-இல் காட்டியபடி, ஜனநாயகக் கட்சியினரில் 32 சதவீதம் பேர் தன்பாலின, இருபாலின ஈர்ப்பு கொண்டவர்கள் என்று அமெரிக்கர்கள் சராசரியாக நினைக்கிறார்கள். உண்மையில் சுமார் 6 சதவீதம். குடியரசுக் கட்சியினரில் 38 சதவீதம் பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சுமார் 2 சதவீதம். அரசியல் செய்திகளைக் கூடுதலாகக் கவனிப்பவர்களின் மதிப்பீடு இதைவிடவும் கோணல். சரியான எண்ணைச் சொன்னதும் எதிர்க்கட்சியினர் அவ்வளவு தீவிரமானவர்கள் அல்லர் என்ற எண்ணம் வந்தது, விலகி நிற்கும் உணர்வும் சற்றுத் தணிந்தது. இந்த விஷயத்தில் யாரும் தம் கட்சியின் மானத்தைப் பணயம் வைத்திருக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம். எதிராளி எப்படிப்பட்டவர் என்ற விவரமே அவர் மீதான வெறுப்பின் பெரும்பகுதி. விவரம் சரிந்தால் வெறுப்பும் கொஞ்சம் சரிகிறது.

மேலே சொன்னவை பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும் சோதனைகள். நாள்பட்ட பழக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவரும் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில், டிரம்ப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ் சேனலை வழக்கமாகப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, ஒரு மாதம் சி.என்.என். பார்க்கவைத்தார்கள். உண்மையில் பார்த்தார்களா என்பதற்கு இடையிடையே வினாக்கள். கோவிட் தொற்று, அஞ்சல் வாக்கு போன்றவை பற்றிய அவர்களது விவர அறிவு மாறியது. எந்தப் பிரச்சினை முக்கியம் என்ற எண்ணமும் மாறியது. டிரம்பின் குறைகளை ஃபாக்ஸ் மூடி மறைக்கிறது என்றுகூடச் சிலர் கருதத் தொடங்கினார்கள். டிரம்ப் மீதான மதிப்பீட்டில் நகர்வு சொற்பம். பணம் நின்றதும் பெரும்பாலோர் பழைய சேனலுக்கே திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் மாற்றங்களும் பெரும்பாலும் கரைந்துவிட்டன.

இருகட்சி அமெரிக்காவில் கண்டது பல கட்சி நாடுகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து இரண்டு ஆய்வுகள் விடை தேடின. சுமித்ரா பத்ரிநாதன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வின் களம் பீகாரின் கயா. 2019 மக்களவைத் தேர்தல் நேரம். 1,224 பேரில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கே போய், வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி, படத்தின் மூலத்தை இணையத்தில் தேடுவது எப்படி என்று ஒரு மணி நேரம் நேருக்கு நேர் சொல்லிக்கொடுத்தார்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு திரும்பப் போய்ச் சில செய்திகளைக் காட்டி, உண்மையா பொய்யா என்று கேட்டார்கள். மொத்தத்தில் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தேறவில்லை. பாஜக ஆதரவாளர்களிடம், தம் கட்சிக்கு உகந்த பொய்ச் செய்திகளை இனம்காணும் திறன் பயிற்சிக்குப் பின் குறைந்தே காணப்பட்டது. இந்தியாவில் கட்சிப் பற்று மேலோட்டமானது, அமெரிக்கா அளவுக்கு ஆழமில்லை என்று நம்பியிருந்த ஆய்வுலகத்துக்கு 2021-இல் வெளியான இந்த முடிவு ஓர் அதிர்ச்சி.

ஒரு மணி நேரம் போதாதா, அல்லது வயது முற்றிவிட்டதா? பத்ரிநாதன், பிரியதர்ஷி அமர், சைமன் ஷோஷார், ஃபுளோரியன் சிச்சார்ட் ஆகியோர் அதே பீகாரில் மாநில அரசின் துணையோடு பள்ளி மாணவர்களிடம் போனார்கள். 583 கிராமங்கள், 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு பகுதியினருக்குச் சில மாதங்களில் பல அமர்வுகளாக, தகவலை எடைபோடும் பாடம். ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆங்கில வகுப்பு. பாடத்தின் எடுத்துக்காட்டுகள் உடல்நலம் சார்ந்தவை. மாட்டுச் சிறுநீர், வீட்டு வைத்தியம், தடுப்பூசி எனக் கிராமத்தில் அன்றாடம் அடிபடும் விஷயங்கள். பாடம் பெற்ற மாணவர்கள் உடல்நலச் செய்திகளில் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் தெளிவாக முன்னேறினார்கள். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. பாடத்தில் தொடாத அரசியல் செய்திகளுக்கும் அது பரவியிருந்தது. வகுப்பறைப் பக்கமே வராத அவர்களுடைய பெற்றோரும், ஒப்பீட்டுக் குழு மாணவர்களின் பெற்றோரைவிடப் பொய்ச் செய்திகளை நன்றாக இனம்கண்டார்கள்.